கலந்து வைத்த காக்டெயில் மேல் ஏன் இவ்வளவு சந்தேகம்?

காக்டெயில் என்றால் மதுவோடு வேறு மதுவோ சாறோ சிரப்போ சேர்த்த கலவை. பாரில் ஆர்டர் கொடுத்த பிறகு கண்முன்னே கலந்தால்தான் அசல் காக்டெயில், முன்னாடியே கலந்து ஜாடியில் வைத்திருந்தால் ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சட்டம் எழுதியவர்களும் பல இடங்களில் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933ல் மதுவிலக்கு முடிந்தபோது அரசுக்கு இருந்த பெரிய பயம், வரி கட்டாத சரக்கும் கலப்படச் சரக்கும் நல்ல பாட்டிலுக்குள் புகுந்துவிடும் என்பது. காலியான மது பாட்டிலில் மறுபடி எதையும் ஊற்றக்கூடாது என்ற தடை அங்கே இன்றும் இருக்கிறது. சரி, அது நியாயம். விலை உயர்ந்த விஸ்கியின் பாட்டிலில் மட்டச் சரக்கை ஊற்றி விற்கும் தில்லுமுல்லு எங்கும் உண்டு. ஆனால் அதே சந்தேகத்தை எல்லாக் கலவையின் மேலும் ஏற்றினால் கூத்தாகிவிடும்: வர்ஜீனியாவில் 2008 வரை ஒயினில் பிராந்தி சேர்த்து சாங்க்ரியா விற்பதே சட்டவிரோதம்!

இன்னொரு அமெரிக்க மாநிலமான அயோவாவில் 72 மணி நேரம் வரை கலந்து வைக்கலாம், எப்போது கலந்தது என்று பாத்திரத்தின் மேல் எழுதியிருக்க வேண்டும். இது உருப்படியான வழி. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே கெடு என்பது சரிவராது, ஏனென்றால் ஜின், காம்பாரி என்ற கசப்பு மது, வெர்மூத் என்ற மூலிகை ஒயின் மூன்றும் சேர்ந்த நெக்ரோனி முழுக்க மதுதான், ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும், ரம்மில் எலுமிச்சைச் சாறு சேர்த்த டைக்கிரியோ மறுநாளே சுவை செத்துவிடும், முட்டையும் கிரீமும் சேர்ந்தது என்றால் கேட்கவே வேண்டாம். கெக் எனும் உலோகப் பீப்பாயில் ஏற்றி கேஸ் அடித்துக் குழாய் வழியே கொடுப்பவர்கள் அந்தக் குழாய் என்ன உலோகம் என்று பார்க்க வேண்டும். புளிப்பும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் செம்பு கரைந்து பானத்தில் இறங்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அளவு விஷயத்தில் கலந்து வைப்பது வாடிக்கையாளருக்கு நல்லது என்றே சொல்வேன். பிரிட்டனில் ஜின், ரம், வோட்கா, விஸ்கியை 25 அல்லது 35 மில்லி கணக்கில்தான் ஊற்ற வேண்டும், ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட திரவங்கள் சேர்ந்தால் அந்த விதி பொருந்தாது. அதாவது காக்டெயில் குடிப்பவருக்கு உள்ளே எவ்வளவு மது போனது என்று தெரியாது, எல்லாம் பார்டெண்டரின் கைவாக்கு. ஒரு ஜாடி முழுக்க அளந்து கலந்தால் ஒரு கிளாஸில் எத்தனை சதவீதம் மது என்று கணக்குப் போட்டு மெனுவிலேயே அச்சடிக்கலாம். அதைக் கட்டாயமாக்குங்கள், கலக்குவதைத் தடுக்காதீர்கள்.

அப்புறம் அலர்ஜி. ‘மை தாய்’ என்ற ரம் காக்டெயிலில் பாதாம் சிரப் இருக்கும், வேறு சிலவற்றில் முட்டை வெள்ளை. லேபிள் இல்லாத ஜாடியிலிருந்து ஊற்றுகிறவரிடம் ‘இதில் பாதாம் இருக்கிறதா’ என்று கேட்டால், அதைக் கலந்தவர் ஷிஃப்ட் முடிந்து போயிருப்பார். அந்த ஜாடிக்கு எவ்வளவு அபராதம் போட்டாலும் எனக்குச் சம்மதம்.