இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின்
வியட்நாமில் காசு எண்ணிக் கொடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. 20,000 டோங் நோட்டும் நீலம், 5 லட்சம் டோங் நோட்டும் நீலம். இரண்டிலும் வியட்நாமின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் முகம். இருபத்தைந்து மடங்கு வித்தியாசமுள்ள நோட்டுகளுக்கு ஏன் ஒரே சாயல்? ராத்திரி டாக்சிக்குள் மங்கல் வெளிச்சத்தில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பின்பக்கம் திருப்பி, ஹோய் ஆன் நகரத்துப் பாலத்தின் படம் இருந்தால் இருபதாயிரம் என்று உறுதி செய்துதான் நீட்டுகிறேன். போதாததற்கு இவை பாலிமர், அதாவது பிளாஸ்டிக் நோட்டுகள். புது நோட்டு என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பிரிக்க வேண்டும்.

நாணயமாவது உண்டா? 2003இல் விட்டார்கள், மக்கள் சீந்தவில்லை, 2011இல் நிறுத்தியே விட்டார்கள். அப்புறம் என்ன, சில கடைகளில் 500 டோங் மீதிக்கு மிட்டாயை நீட்டுகிறார்கள். மிட்டாயை வைத்து நான் என்ன வாங்குவது? மீதியைக் கொடுங்கள்.