திட்டம் மாறியது, கையெழுத்து மாறவில்லை

நம் பால் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பொதுச்சபைக் கூட்டத்தில் நடந்ததை நான் திரும்ப விளக்கத் தேவையில்லை, வீடியோ எல்லோர் கையிலும் இருக்கிறது. 600 யோகட் கப் திகதி முடிந்து கொட்டப்பட்டதற்கு, சேர்ந்து ஏழே மாதமான விற்பனைத் தங்கச்சிதான் காரணம் என்று மைக்கில் சொன்னார்கள். அந்தப் பிள்ளை தலை குனிந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஒன்றைத்தான் கேட்கிறேன். பாசிக்குடா ஹோட்டல்காரர் கப்புக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டால், சரி என்று சொல்ல அந்தத் தங்கச்சிக்கு அதிகாரம் இருந்ததா? லொறியைக் காலையில் அனுப்பச் சொல்ல முடிந்ததா? விலைக்குத் தலைவர், லொறிக்குச் செயலாளர், கப் வாங்கப் பணிப்பாளர் சபை. சபை மாதத்தில் ஒருநாள்தான் கூடும். யோகட் அதுவரை காத்திருக்குமா?

முன்பு பாலை வாங்கிக் கம்பனி பவுசரில் ஊற்றிவிட்டால் சங்கத்தின் வேலை முடிந்தது. வாங்குபவர் ஒருவர், விலையும் ஒன்று. அதற்கு ஒரு கையெழுத்துப் போதும். இப்போது நம் பெயரிலேயே தயிர், யோகட், நெய் என்று நாற்பது கடைகளுக்குப் போகிறோம். வியாபாரம் முழுக்க மாறிவிட்டது, ஆனால் யார் எதைத் தீர்மானிப்பது என்பது மட்டும் அப்படியே கிடக்கிறது.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. வெடிமருந்து செய்த டூபோண்ட் கம்பனி முதலாம் உலகப்போர்க் காலத்தில் பெயின்ற் வியாபாரத்திலும் இறங்கியது. விற்பனை கூடியும் நட்டமே வந்தது. வெடிமருந்துக்கு அமைத்த நிர்வாகம்தான் பெயின்ற்றையும் பார்த்தது. 1921இல் பொருளுக்கொரு பிரிவு, பிரிவுக்கொரு பொறுப்பாளர் என்று மாற்றினார்கள். பால்காரரிடமே பாடம் வேண்டுமென்றால் குஜராத்தின் அமுல் இருக்கிறது. ஊர்ச் சங்கம் பால் எடுக்கும், மாவட்ட ஒன்றியம் பதப்படுத்தும், விற்பனைக்கென்றே 1973இல் தனிச் சம்மேளனம் அமைத்தார்கள்.

“அமுல் எங்கே, நாங்கள் எங்கே” என்பீர்கள். 1946இல் அவர்களும் இரண்டு ஊர்ச் சங்கங்களோடுதான் தொடங்கினார்கள்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பால் சேகரிப்பு நிலையத்தில் ஒன்பது வருடம் இருந்தவன். ஒரு சித்திரை வெயிலில் கூலர் மோட்டர் நின்றுபோனது. திருத்த 6,500 ரூபாய் கேட்டார்கள், என்னால் 1,000 ரூபாய்க்குமேல் செலவழிக்க முடியாது. செயலாளர் கொழும்பில், தலைவர் போன் எடுக்கவில்லை. கறந்த பாலை 4 பாகைக்குக் குளிராக்காவிட்டால் அந்த வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது. மத்தியானம் 380 லீட்டரை வாய்க்காலில் ஊற்றினேன். இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கும் மாமி ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். “அப்ப நீ என்னத்துக்கு மனே இங்க இருக்காய்?” என்று கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. விளக்கக் கடிதம் கேட்டு அறிவித்தல் வந்ததும் எனக்குத்தான்.

வேலையை விட்டவன் கோபத்தில் எழுதுகிறான் என்று சிலர் சொல்வார்கள். கோபம் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

“அதிகாரத்தைப் பிரித்தால் களவு கூடும்” என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். அதை வாசித்து எனக்கு மனம் விட்டுப்போனது. அப்படியென்றால் படுவான்கரையில் வெயிலில் நிற்பவர்கள் எல்லோரும் கள்ளர், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் மட்டும் நல்லவர்களா? தொகைக்கு வரம்பு வையுங்கள். பில் கேளுங்கள். மாதம் ஒருமுறை கணக்குப் பாருங்கள். பிடிபட்டால் தண்டியுங்கள். நம்பிப் பொறுப்பைக் கொடுக்காமல், பழியை மட்டும் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

அந்தத் தங்கச்சியின் அம்மாவும் இந்தச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தார்.

அடுத்த சபைக் கூட்டத்தில் விலை, லொறி இரண்டையும் விற்பனைப் பிரிவின் கையில் கொடுத்துத் தீர்மானம் எழுதுங்கள். அதற்கு முன் அந்தத் தங்கச்சியைக் குற்றம் சாட்டிக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்குங்கள். வாங்கியதை அதே மைக்கில், அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள்.