மடியில் கனம், வழியில் பயம்

"எல்லாருடைய வருமானத்தையும் வெளியில் வைத்துவிட்டால் ஊழலே இருக்காது" என்று நண்பர் ஒருவர் அடித்துப் பேசினார். கூடவே 'மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை'யும் வந்தது. இந்தப் பேச்சில் அந்தப் பழமொழி வராமல் இருக்காது. ஆனால் மடியில் இருப்பது கடன் பத்திரம் என்றால்? அந்த ஆளுக்கும் வழியில் பயம்தான். மறைக்கத் திருடனிடம் மட்டும்தான் ஏதாவது இருக்கும் என்பது கடன்பட்டுப் பழக்கமில்லாதவர்களின் பேச்சு.

சரி, மறைப்பதே நல்லது என்றும் சொல்ல வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பிரிண்டரில் என் தாள்களை எடுக்கப் போனேன். மேலே இன்னொருவருடைய சம்பள ரசீது, சூடுகூட ஆறவில்லை. எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவர். வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். தொகை என்னுடையதைவிட அதிகம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சம்பளத்தைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது யாருடைய வசதிக்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நார்வேயில் ஒருவருடைய வருமானம், வரிக்குரிய சொத்து மதிப்பு, கட்டிய வரி மூன்றையும் யாரும் பார்க்கலாம். முன்பெல்லாம் நேரில் போய்ப் பட்டியலைப் புரட்ட வேண்டும். 2001-இல் அது இணையத்துக்கு வந்ததும் ஊரே உட்கார்ந்து தேடியது. சொந்தத் தொழில் செய்பவர்கள் கணக்கில் காட்டிய வருமானம் சுமார் 3 சதவீதம் கூடியதாக ஓர் ஆய்வு சொல்கிறது. இது லாபம். இன்னொரு பக்கம், பணம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையில் மகிழ்ச்சியின் இடைவெளி அகலமானதை ரிக்கார்டோ பெரெஸ் ட்ருக்லியா என்ற பொருளியலாளர் கண்டார். பக்கத்துவீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று தெரிந்துகொண்டு யாருக்கு வயிறு நிறைந்தது? பின்லாந்தில் வரி விவரம் வெளியாகும் நாளுக்குப் 'பொறாமை நாள்' என்றே செல்லப்பெயர்.

எனக்குப் பிடித்தது 2014-இல் நார்வே செய்த சின்ன மாற்றம். பட்டியலை மூடவில்லை. யார் உங்கள் கணக்கைப் பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியும்படி செய்தார்கள், அவ்வளவுதான். தேடல் சடசடவென்று விழுந்துவிட்டது. மச்சான் என்ன சம்பாதிக்கிறார் என்று பார்க்கலாம். ஆனால் பார்த்தது மச்சானுக்குத் தெரிந்துவிடும். அடுத்த விசேஷத்தில் அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

இத்தாலி நேர்மாறு. 2008 ஏப்ரல் 30 அன்று வரித்துறை, நாட்டில் வரி கட்டுபவர்கள் எல்லாருடைய விவரத்தையும் முன்னறிவிப்பு இல்லாமல் இணையத்தில் கொட்டியது. தனியுரிமை ஆணையம் தலையிட்டு அன்றைக்கே இறக்க வைத்தது.

என் கட்சி இதுதான். நாம் போடும் ஓட்டு ரகசியம். நாம் தேர்ந்தெடுத்தவர் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்துக்குக் கை தூக்கினாரா என்பது ரகசியம் இல்லை. இரண்டும் ஒரே ஜனநாயகம்தான். கீழே இருப்பவருக்குத் திரை, மேலே இருப்பவருக்கு வெளிச்சம். பணத்துக்கும் அதே கணக்கு இருக்கட்டும். பதவியில் இருப்பவர், அவருடைய வீட்டார், கட்சிக்குப் பணம் கொடுப்பவர், அரசு ஒப்பந்தம் எடுப்பவர், எல்லாம் திறந்து கிடக்கட்டும். மற்றவர்களுக்கு வருமானமும் வரியும் மட்டும், அதுவும் பார்ப்பவர் பெயர் தெரியும்படி. கடன், வங்கிக் கணக்கு, மருத்துவச் செலவு பக்கம் யாரும் வரக்கூடாது.

நடைமுறை தலைகீழாக இருப்பதுதான் எரிச்சல். மாதச் சம்பளக்காரரின் ஜாதகமே வங்கியிடமும் கடன் மதிப்பெண் போடும் நிறுவனத்திடமும் இருக்கிறது. இந்தியாவில் 2024 வரை, மதிப்பெண்ணை யார் எப்போது பார்த்தார்கள் என்று தேடிப்போய்க் கேட்டால்தான் அவருக்குத் தெரியும் என்ற நிலை. பெரும் பணமோ நிறுவனத்துக்குள் நிறுவனம் வைத்து ஒளிகிறது; 2016-இல் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்து வெளியான பனாமா ஆவணங்களில் பார்த்தோமே. அந்த நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவேட்டை ஐரோப்பிய ஒன்றியம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருந்தது. 2022 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. காரணம்: தனியுரிமை!

கமெண்டில் "முதலில் உன் சம்பளத்தைச் சொல்லு" என்று வருவீர்கள், தெரியும். பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவர் கேட்டால் சொல்வேன். பூட்டிய ப்ரொஃபைலில் இருந்து கேட்பவருக்குக் கிடையாது.