தம்பி லீட்ஸ் போறான், சொந்தபந்தங்க எல்லாரும் லிஸ்ட்ட கொஞ்சம் சுருக்குங்க

கூடப்பொறந்தவன் வெளிநாடு போறான்னா எனக்கு அது வேணும் இது வேணும்னு கேக்குறதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல, அக்காவா இருந்துட்டு அதக்கூட கேக்கலன்னா எப்படி. ஆனா தம்பிய ஆபீஸ்ல மூணு மாசம் இங்கிலாந்து அனுப்புறாங்கன்னு ஃபேமிலி குரூப்ல போட்டதும் வந்து விழுந்த லிஸ்ட் இருக்கே, அத பாத்துதான் இந்தப் பதிவே எழுதுறேன். டோப்லரோன், ஃபெரெரோ ரோஷர், ஒரு சென்ட் பாட்டில், பிக் பென் கீசெயின் அஞ்சாறு, ஐ லவ் லண்டன் டிஷர்ட் (ஒண்ணு எக்ஸெல், ஒண்ணு டபுள் எக்ஸெல்), ஜானி வாக்கர், சின்ன மாமாவுக்கு கோட்டுத் துணி. இதுல கடைசி ரெண்ட விட்டா எதுவுமே அந்த ஊரு சாமான் கிடையாது. டோப்லரோன் ஸ்விஸ்காரன் சாக்லேட், ஃபெரெரோ இத்தாலிக்காரன், சென்ட்டு முக்காவாசி ஃபிரான்ஸ், கீசெயின பின்னாடி திருப்புனா பெரும்பாலும் சைனான்னு போட்டிருக்கும். டிஷர்ட்டுதான் இருக்குறதுலயே பெரிய காமெடி. அங்க இருக்குற பெரிய துணிக்கடைங்க பல பேரு நம்ம திருப்பூருக்கு ஆர்டர் குடுக்குறவங்க, அதாவது திருப்பூர்ல தச்சு தூத்துக்குடியில கப்பல் ஏறி இங்கிலாந்து போன பனியன, நம்ம பய பவுண்டு குடுத்து வாங்கி, ஃப்ளைட்ல குடுக்குற 23 கிலோக்குள்ள அடக்கி, திரும்ப மதுரைக்கு தூக்கிட்டு வரணுமாம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அவன் போறது லண்டன் இல்ல, லீட்ஸ். நம்ம சனத்துக்கு பிரிட்டன்ல எங்க போனாலும் லண்டன்தான், ஸ்காட்லாந்து போனவனயும் லண்டன் போயிருக்கான்னுதான் சொல்லுவோம். லீட்ஸ்ல இருந்து லண்டன் 300 கிலோமீட்டர், ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், கடைசி நேரத்துல டிக்கெட் எடுத்தா நம்ம ஊரு ஃப்ளைட் டிக்கெட்ட விட ஜாஸ்தி. "அப்படியே பக்கிங்ஹாம் பேலஸ் வாசல்ல ஒரு கடை இருக்கும் பாரு, அங்க வாங்கிட்டு வா"ன்னு சொல்றது, மதுரைக்கு வந்தவன்கிட்ட மெரினாவுல சுண்டல் வாங்கிட்டு வான்னு சொல்ற கதைதான். அவனுக்கு கிடைக்கிறது சனி ஞாயிறு. அதுல துணி துவைக்கணும், சமைக்கணும், கொஞ்சம் ஊரும் பாக்கணும். உங்க லிஸ்ட்டுக்காக அவன் மால் மாலா அலையணும்னா அவன் எதுக்கு அங்க போகணும்.

என் கட்சி என்னன்னா, அவன் போற ஊர்ல விளையுறதயோ செய்யுறதயோ கேளுங்க, இல்லனா அவன் பாக்கெட்லயே கிடக்குறத கேளுங்க. கேக்குறதுக்காக அவன் ஒரு புது ஊர எட்டிப் பாத்தான்னா இன்னும் நல்லது.

பாக்கெட்ல கிடக்குறதுன்னு சொன்னது சும்மா இல்ல. நான் அவன்கிட்ட முதல்ல கேட்டது சில்லறைக் காசு. 2008ல பிரிட்டன்ல காசு டிசைன மாத்துனாங்க, மேத்யூ டென்ட்னு ஒரு சின்ன வயசு டிசைனர் போட்டியில ஜெயிச்சு பண்ணுனது. 1, 2, 5, 10, 20, 50 பென்ஸ் ஆறு காசையும் பூ பக்கம் தெரியுற மாதிரி மேசையில சேத்து வச்சா அவங்க அரச கேடயம் முழுசா வந்துரும். தனித்தனியா பாத்தா ஒண்ணுமே புரியாது, ஒண்ணுல பாதி சிங்கம், ஒண்ணுல யாழ் நரம்பு, 5 பென்ஸ்ல கேடயத்தோட நாலு கட்டமும் சேர்ற நடு இடம், 50 பென்ஸ்ல கேடயத்தோட அடிக்கூரு. சின்னப் பசங்க இருக்குற வீடுன்னா இத விட நல்ல பரிசு கிடையாது, அடுக்கி அடுக்கி விளையாடும்ங்க. மொத்தம் 88 பென்ஸ், நம்ம காசுக்கு சுமாரா 100 ரூபா. ஊருக்கு திரும்பும்போது மிஞ்சுற சில்லறைய இங்க மணி சேஞ்சர் எவனும் வாங்க மாட்டான், நோட்டு மட்டும்தான் வாங்குவான், அப்போ அந்தக் காசு எப்படியும் அவன் டிராயர்லதான் கிடக்கப் போகுது. 2023ல இருந்து சார்லஸ் ராஜா காலத்துக்கு புது டிசைன் வந்துருச்சு, 1 பவுண்ட்ல தேனீ, 50 பென்ஸ்ல சால்மன் மீனு, 20 பென்ஸ்ல பஃபின் பறவைன்னு அதுவும் அழகாத்தான் இருக்கு. பழசும் இன்னும் தாராளமா புழக்கத்துல இருக்கு, கடையில மிச்சம் வாங்கும்போது பாத்து எடுத்து வச்சா போதும், தனியா கடைக்குப் போகவே வேணாம்.

அடுத்தது அம்மாவுக்கு. லீட்ஸ் பக்கத்துலயே, ரயில்ல அரை மணி நேரத்துல, பான்டிஃப்ராக்ட்னு ஒரு சின்ன ஊரு. அந்த ஊரு எதுக்கு பேர் போனதுன்னு நினைக்கிறீங்க? அதிமதுரத்துக்கு. ஆமா, தொண்ட கட்டுனா நாட்டு மருந்துக் கடையில வாங்கி வாயில ஒதுக்கிக்குவோமே, அதே அதிமதுரம்தான். ஒரு காலத்துல அந்த ஊரச் சுத்தி வயக்காட்டுல பயிர் பண்ணுனாங்க. மருந்தாத்தான் வித்துட்டு இருந்தாங்க, 1760ல டன்ஹில்னு ஒரு மருந்துக்காரர் சக்கரைய சேத்து மிட்டாயா ஆக்கிட்டார். கேக்னுதான் பேரு, ஆனா பாக்க பழைய எட்டணா சைஸ்ல கரு கருன்னு பளபளப்பா, மேல அந்த ஊரு கோட்டை படம் முத்திரை குத்துன மாதிரி பதிஞ்சிருக்கும். வாயில போட்டா முதல்ல இனிப்பு, அப்புறம் அந்த வேரு வாசன மூக்கு வழியா ஏறும். பாதிப் பேருக்கு பிடிக்காது, துப்பிடுவாங்க, ஆனா எங்கம்மாவுக்கு பிடிக்கும்னு அடிச்சுச் சொல்வேன், பனங்கற்கண்டும் சித்தரத்தையும் வாயில போட்டு வளந்த ஆளு. ஒரு விஷயம், பிரஷர் இருக்குறவங்க அதிமதுரத்த கை நிறைய அள்ளித் திங்கக் கூடாது, பொட்டாசியம் இறங்கி பிரஷர் ஏறும், அதனால அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னு டப்பா என் கையிலதான் இருக்கும். டோப்லரோன அஞ்சு நிமிஷத்துல தின்னு முடிச்சிட்டு கவர தூக்கிப் போட்டுருவோம், இது வந்தா எங்க தெருவுல ஒரு வாரம் ஓடும் பேச்சு.

டீத்தூள்னு சொன்னா சிரிப்பீங்க. நீலகிரிய வச்சுக்கிட்டு இங்கிலாந்துல இருந்து டீத்தூளானு சித்தி கேட்டாச்சு. நியாயமான கேள்விதான், யார்க்ஷயர் டீன்னு பேரு வச்சிருந்தாலும் யார்க்ஷயர்ல (லீட்ஸ் இருக்குற பகுதிதான்) தேயிலைத் தோட்டமா இருக்கு, அஸ்ஸாம்ல இருந்தும் ஆப்பிரிக்காவுல இருந்தும் போறத அங்க ஹாரோகேட்ங்கிற ஊர்ல கலந்து பாக்கெட் போடுறாங்க. ஆனா அதுல ஒரு வகை இருக்கு, உப்புத் தண்ணிக்குன்னே தனியா கலந்தது, டப்பாவுலயே போட்டிருக்கும். அங்க லண்டன் பக்கமெல்லாம் சுண்ணாம்புத் தண்ணி, கெட்டில் அடியில வெள்ளை வெள்ளையா படியும், டீ போட்டா மேல ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும், அதுக்காகப் பண்ணுனது. எங்க வீட்டு போர் தண்ணி எப்படின்னு எங்க தெருக்காரங்களுக்கு தெரியும், குழாய்ல வெள்ளைப் பூத்துப் போயி திருகவே முடியாது. அதுல இந்த டீ என்னதான் ஆகுதுன்னு பாத்தே ஆகணும், அதனால ஒரு டப்பா என் லிஸ்ட்ல உண்டு. பால் ஊத்தி இஞ்சி தட்டிப் போட்டா எந்த டீயும் ஒண்ணுதான்னு சித்தி சொல்லுது, அதுவும் சரிதான்.

பீங்கான் விஷயத்துக்கு வருவோம். ஸ்டோக் ஆன் டிரென்ட்னு ஒரு ஊரு, பிரிட்டன்ல கப்பு சாசருக்கு அதுதான் தலைநகரம், வெட்ஜ்வுட் 1759ல அந்தப் பக்கத்துல ஆரம்பிச்சதுதான். புதுசு வாங்குனா விலை கண்ண கட்டும். ஆனா அங்க ஒவ்வொரு கடைவீதியிலயும் சாரிட்டி ஷாப் இருக்கும், ஆக்ஸ்ஃபாம் மாதிரி அமைப்புங்க நடத்துறது, வீட்ல வேண்டாம்னு குடுத்த சாமான வித்து அந்தக் காச நல்ல காரியத்துக்கு போடுவாங்க. செட்டு உடைஞ்சு போன ஒத்தை கப்பு, ஒத்தை சாசர் எல்லாம் ரெண்டு மூணு பவுண்டுக்கு கிடைக்கும். கவுத்துப் பாக்கச் சொல்லுங்க, அடியில முத்திரை இருக்கும், இங்கிலாந்தா சைனாவானு தெரிஞ்சிரும். ஆனா எங்க வீடு மாதிரி சுத்த சைவ வீடா இருந்தா ஒண்ண கவனிக்கணும், போன் சைனான்னு போட்டிருந்தா அது பேருக்கு இல்ல, நெசமாவே மாட்டெலும்ப சுட்டு சாம்பலாக்கி மண்ணோட கலந்து செய்யுறது, வெளிச்சத்துல புடிச்சா விரல் நிழல் மறுபக்கம் தெரியுற அந்த மெலிசு அந்தச் சாம்பலாலதான் வருது. அம்மாகிட்ட சொல்லாம குடுத்துரலாம்னு தம்பி சொன்னான், நான் விடல. பிரவுன் பெட்டி (Brown Betty)ன்னு ஒரு டீப்பாட் இருக்கு, அதே ஸ்டோக் பக்கத்து ஸ்டாஃபர்ட்ஷயர் செம்மண்ணுல செஞ்சு மேல அரக்கு கலர்ல மெருகு குடுத்தது, குண்டா நம்ம வீட்டுக் கூஜாவுக்கு தங்கச்சி மாதிரி இருக்கும், அதுல எலும்பு கிடையாது. அம்மா அதுல டீ போடாது, பூச்செடி வைக்கும், வச்சிட்டுப் போகட்டும்.

மாமா கேட்ட கோட்டுத் துணிய நான் கிண்டல் பண்ண மாட்டேன், லிஸ்ட்லயே விவரம் தெரிஞ்ச ஆளு அவருதான். லீட்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட் பூரா கம்பளித் துணி நெசவு ஊருங்க, ஹடர்ஸ்ஃபீல்ட்ல நெய்ஞ்ச நல்ல துணியில கரையோரத்துலயே ஊர் பேர எழுத்தா நெய்ஞ்சிருப்பாங்க, தையக்காரரு அந்தக் கரைய பாத்துதான் துணிய எடை போடுவாரு. பிரச்சனை என்னன்னா விலை, ஒரு சூட்டுத் துணி நம்ம வீட்ல ஒரு சின்ன கல்யாணச் செலவுக்கு வரும், மதுரை வெயில்ல அத எந்த முகூர்த்தத்துக்கு போடுறதுனு மாமா இன்னும் சொல்லல. ஜானி வாக்கர் இங்க இறங்குனதும் ஏர்போர்ட் ட்யூட்டி ஃப்ரீலயே இருக்கு, ரெண்டு லிட்டர்தான் கணக்கு, அத அங்கயிருந்து தூக்கிட்டு வரணும்னு என்ன தலையெழுத்து. எலக்ட்ரிக் சாமான் கேக்கவே கேக்காதீங்க, அங்க பிளக்கு சதுரமா மூணு கால், உள்ள ஃப்யூஸ் வேற, நம்ம சாக்கெட்ல நுழையாது, அதுக்கு ஒரு அடாப்டர் வாங்கி அது சூடேறி அப்புறம் அதுக்கும் அவனத்தான் திட்டுவீங்க.

"ஏர்போர்ட்ல டாக்ஸ திரும்ப வாங்கிரலாம்ல"ன்னு பெரியப்பா பையன் கேட்டான். அதெல்லாம் 2020ஓட போச்சு, 2021ல இருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணுலயும் டூரிஸ்ட்டுக்கு வாட் திருப்பித் தர்றது கிடையாது. 20 பர்சன்ட் வாட் கட்டுனா கட்டுனதுதான். ஆனா குழந்தைங்க துணிக்கும் புத்தகத்துக்கும் வாட்டே கிடையாது, அதனால கைக்குழந்தை வச்சிருக்க மச்சினி ஒரு ஸ்வெட்டர் கேட்டா அது புத்திசாலித்தனம் (கொடைக்கானலுக்கு போறப்போ போடட்டும்).

எனக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கேன், சாரிட்டி ஷாப்ல ஒரு பழைய புத்தகம். எந்தப் புத்தகம்னு சொல்லல. முதல் பக்கத்துல யாராச்சும் யாருக்காச்சும் கிறிஸ்துமஸுக்கு குடுத்தேன்னு இங்க் பேனாவுல எழுதிருக்கணும், அது ஒண்ணுதான் கண்டிஷன். அம்பது அறுபது வருஷம் முன்னாடி ஒரு தாத்தா பேத்திக்கு குடுத்தது என் அலமாரிக்கு வந்தா எனக்கு பிக் பென்ன விட அதுதான் பெருசு. ஒரு தடவை லண்டன் போவான்ல, அப்போ விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல திப்பு சுல்தானோட புலி பொம்மை இருக்கு, வெள்ளக்காரன கீழ தள்ளி கடிக்கிற மாதிரி மரத்துல செஞ்சது, 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்போ தூக்கிட்டுப் போனாங்க. உள்ள போக டிக்கெட் கிடையாது, அந்தப் புலி படம் போட்ட போஸ்ட்கார்டு ஒண்ணு வாங்கி அங்கயே ஸ்டாம்ப் ஒட்டி தபால்ல போடச் சொல்லிருக்கேன். எடையும் இல்ல, சீலோட வரும்.

கடைசியா காசு விஷயம், இதச் சொன்னா சண்ட வரும், வரட்டும். போன தடவை தம்பி வேற ஒரு ஊருக்கு போயிட்டு வந்தப்போ வாங்கிட்டு வந்த சாமானுக்கு "எவ்வளவுப்பா ஆச்சு"ன்னு கேட்ட ஆளு குடும்பத்துலயே ஒருத்தர்தான், அதுவும் எங்க ஆச்சி. ஆபீஸ்ல தம்பிக்கு குடுக்குற தினப்படிக் காசுல அவன் சாப்பிடணும், பஸ்ல போகணும், அங்க பஸ்ல ஒரு தடவை ஏறி இறங்குனா நம்ம ஊரு பஸ்ல ஒரு மாசம் போலாம். அதனால 500 ரூபாய்க்கு மேல எது கேட்டாலும் முதல்ல ஜிபே பண்ணிருங்க, அப்புறம் பேரு லிஸ்ட்ல ஏறும். கண்ணாடி பாட்டில் ஜாம் கேக்குறவங்க அது செக்கின் பெட்டியிலதான் வரும்னு தெரிஞ்சு கேளுங்க, கைப்பையில வச்சா பல ஏர்போர்ட்ல செக்யூரிட்டியில பிடுங்கிருவாங்க, ஜாமும் அங்க தண்ணிக் கணக்குதான். ஒடஞ்சா தம்பி பொறுப்பில்ல. மாமா, கோட்டுத் துணிக்கு உங்க அளவு வேணாம், அட்வான்ஸ் வேணும்.