ஹம்மிங் பறவைக்குத் தேனும் வேண்டாம், சிவப்புச் சாயமும் வேண்டாம்

பூக்களின் மதுவை உறிஞ்சும் சின்னஞ்சிறு ஹம்மிங் பறவைகளை வீட்டுத் தோட்டத்திற்கு வரவழைக்க, தேனையோ நாட்டுச் சர்க்கரையையோ நீரில் கரைத்துச் சிவப்பு உணவு நிறமி சேர்த்து வைக்க வேண்டும் என்று கூறும் செய்தி ஒன்று, வட அமெரிக்காவில் வாழும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. நீரில் கலந்த தேனில் பூஞ்சை விரைவாக வளர்ந்து பறவைக்கு ஆபத்தை உண்டாக்கக்கூடும். நாட்டுச் சர்க்கரை உடலுக்கு நல்லது என்ற எண்ணத்தில் அன்போடு அதைச் சேர்ப்பவர்கள் உண்டு; ஆனால் சுத்திகரிக்கப்படாத சர்க்கரையிலுள்ள இரும்புச்சத்து, சுமார் 3 கிராம் எடையே உள்ள இச்சிற்றுயிருக்குத் தீங்கு செய்யக்கூடும்.

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்பதே சரியான கலவை. நிறமி தேவையே இல்லை. பறவை குடிப்பதற்காகக் கலவையை ஊற்றித் தொங்கவிடும் குப்பியின் சிவப்புப் பாகங்களே பறவையை ஈர்த்துவிடும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் பழைய கலவையைக் கொட்டிவிட்டு, குப்பியை வெந்நீரில் நன்கு கழுவி மீண்டும் நிரப்புவது. அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கம், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய விலங்குக் காட்சியகம் ஆகியவற்றின் இணையதளங்களில் இவ்விகிதத்தைச் சரிபார்க்கலாம். அச்செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பிறருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.