பட்டம் வேண்டாம் என்ற பிரபு

வாரிசு அரசியல் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு பிரிட்டனின் லேபர் (தொழிலாளர்) கட்சி அரசியல்வாதி டோனி பென் நினைவுக்கு வந்துவிடுவார். அவரும் வாரிசுதான். தாத்தாக்கள் இரண்டு பேருமே எம்.பி., அப்பா மந்திரி, பின்னாளில் மகன் ஹிலாரியும் மந்திரி. ஆனால் அப்பா விட்டுப்போனதில் ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லி, தன் நாட்டுச் சட்டத்தோடே வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்ற மனிதர்.

அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்தவர். தண்டி யாத்திரையும், வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு எடுத்ததும் அவர் காலத்தில்தான். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம். அதே மாதம் பகத்சிங்குக்குத் தூக்கு. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். அந்த வருஷக் கடைசியில் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தியை, ஆறு வயதுப் பையனாக டோனி பார்த்திருக்கிறார். கிழவரான பிறகும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

சரி, பட்டத்துக்கு வருவோம். 1942இல், தேர்தல் இல்லாத மேல்சபையான பிரபுக்கள் சபையில் லேபர் கட்சிக்கு ஆள் போதவில்லை என்று அப்பாவை விஸ்கவுண்ட் ஸ்டான்ஸ்கேட் என்ற பிரபு ஆக்கினார்கள். அப்பாவுக்குப் பிறகு மூத்த பிள்ளைக்குப் போகிற பட்டம். மூத்தவர் மைக்கேல் பாதிரியாராகப் போகும் எண்ணத்தில் இருந்தவர், அவருக்கு ஆட்சேபணை இல்லை. 1944 ஜூனில் விமானப்படையில் இருந்த மைக்கேல் இறந்துபோனார். அண்ணனைப் பறிகொடுத்த துக்கத்தோடு, அண்ணனுக்கென்று வைத்திருந்த பட்டமும் பத்தொன்பது வயதுத் தம்பி பக்கம் திரும்பியது.

1950இல் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் நின்று எம்.பி. ஆனார் டோனி. அப்பா கண்ணை மூடினால் அந்தப் பதவி போய்விடும் என்று அப்போதே அவருக்குத் தெரியும். பரம்பரைப் பிரபு மக்கள் சபையில் உட்காரக் கூடாது என்பது சட்டம்; பட்டத்தை மறுக்கவும் அன்றைக்கு வழி கிடையாது. அப்பா உயிரோடு இருக்கும்போதே, 1955இல், பட்டத்தைத் துறக்க ஒரு மசோதா கொண்டுவந்து பார்த்தார். நடக்கவில்லை. 1960 நவம்பர் 17 அன்று அப்பா போனார். அந்த நிமிடமே மகன் பிரபு. எம்.பி. பதவி காலி.

1961 மே மாதம் இடைத்தேர்தல். உட்கார முடியாத நாற்காலிக்கு அவரே மறுபடி நின்றார். பிரிஸ்டல் ஜனங்களுக்கும் விஷயம் தெரியும். தெரிந்தேதான் போய்க் குத்தினார்கள்: 13,044 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி! ஜெயித்த ஆள் சபைக்குப் போகிறார், வாசலில் காவலர் வழிமறிக்கிறார். சபாநாயகர் உத்தரவு, உள்ளே விட முடியாது என்கிறார். இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கும். வெளியே நிறுத்தப்பட்டது ஒரு கனவான் மட்டுமா? அவருக்கு ஓட்டுப் போட்ட இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் பேருடைய ஓட்டும் அவரோடு சேர்ந்து அந்த வாசலில் நின்றது.

வழக்கு தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனது. அவர் உட்காரத் தகுதியில்லாதவர் என்று தீர்ப்பு; தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேர் எம்.பி. ஆனார். அந்த மனிதரையும் இங்கே சொல்லியாக வேண்டும். சட்டம் மாறினால் விலகிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார், அப்படியே விலகவும் செய்தார்.

சட்டம் மாறியது. 1963 ஜூலை 31 மாலை ஆறு மணிக்கு ஒப்புதல் கிடைத்தது, 6.22க்கு டோனி பட்டத்தைத் துறந்துவிட்டார். அந்தச் சட்டத்தைப் பயன்படுத்திய முதல் ஆள். ஆகஸ்ட் 20இல் மறுபடி இடைத்தேர்தல், மறுபடி பிரிஸ்டல் எம்.பி. அதே வருஷம் அக்டோபரில், கன்சர்வேட்டிவ் கட்சியின் ஹோம் பிரபு அதே வழியில் பட்டத்தை உதறித்தான் பிரதமராகத் தொடர்ந்தார். லேபர்காரர் திறந்த கதவு, முதல் பெரிய லாபம் எதிரணிக்கு!

இதைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை ஒட்டவில்லை. யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று பிரிஸ்டல்காரர்களுக்குச் சொல்ல ஒரு பரம்பரைப் பட்டத்துக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதுதான் சண்டை. தன் பிள்ளைகள் அரசியலுக்கு வந்ததை அவர் தடுக்கவில்லை. ஹிலாரி ஓட்டு வாங்கித்தான் வந்தார். அப்பா பெயர் அவருக்கு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் நினைத்தால் இறக்கிவிடலாம் இல்லையா? இந்த வித்தியாசம் எனக்குப் பெரிது.

உறுத்துகிற விஷயமும் ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் துறப்பு ஒருவரின் ஆயுள்வரைதான். 2014இல் டோனி இறந்ததும் மூத்த மகன் ஸ்டீபன் விஸ்கவுண்ட் ஆனார். 2021இல் லேபர் சார்பில் பிரபுக்கள் சபைக்குள்ளும் போனார். அது அவர் முடிவு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

மனைவி கேரோலைனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டிக்காரி. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் சந்தித்து ஒன்பதாவது நாள், ஒரு பூங்கா பெஞ்சில் வைத்துத் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார் டோனி. பின்னால் நகரசபையிடமிருந்து அந்த பெஞ்சையே விலைக்கு வாங்கி வீட்டுத் தோட்டத்தில் போட்டுக்கொண்டார்கள். பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே பள்ளி வேண்டும் என்று காலம் பூராவும் வாதாடியவர் கேரோலைன். தன் பிள்ளைகளையும் ஹாலந்து பார்க் அரசுப் பள்ளிக்கே அனுப்பினார். 2000இல் போய்விட்டார்.

நாடாளுமன்றக் கட்டிடத்தின் அடித்தளத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கே துடைப்பம் வைக்கிற அறையில்தான், 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், பெண்கள் ஓட்டுரிமைப் போராளி எமிலி வில்டிங் டேவிசன் ஒளிந்திருந்தார். முகவரி கேட்டால் நாடாளுமன்றம் என்று சொல்லலாம் அல்லவா! அந்த அறைக் கதவில் அவர் நினைவாக ஒரு தகடு இருக்கிறது. அனுமதி எதுவும் வாங்காமல் டோனி பென் தன் கையாலேயே திருகாணி போட்டு மாட்டியது. 2014 மார்ச்சில், அடக்க ஆராதனைக்கு முந்தைய இரவு, அவருடைய சவப்பெட்டியை அதே ஆலயத்தில்தான் வைத்திருந்தார்கள்.