கொள்ளிடம் பாலம்: ஒரு திருத்தம்

2018 வெள்ளத்தில் கொள்ளிடம் பாலம் இடிந்து திருச்சி–சென்னை போக்குவரத்தே நின்றுபோனது என்று சிலர் எழுதுகிறார்கள். பாலம் இடிந்தது நிஜம்தான். ஆனால் அது 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம். பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்ததும், 2016-இலேயே பழைய பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் காலை நடைக்குப் போகிறவர்கள்தான் அதில் இருந்தார்கள். சென்னை பஸ்களும் லாரிகளும் ஏற்கெனவே புறவழிச்சாலைப் பாலத்தில்தான் போய்க்கொண்டிருந்தன.

அந்த ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்தது. தூண்களின் அடியில் மணல் அரித்து, 18, 19-ஆம் தூண்கள் இறங்கின. மேலே இருந்த இரும்புச் சட்டகம் அப்படியே ஆற்றுக்குள் சரிந்தது. மணல் அள்ளியதால்தான் என்று ஊரே பேசியது. பாலத்தின் வயதை மட்டும் குறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.